குழம்புக் கறை படிந்த படுதா

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட மைதானத்தில் ஹாக்கிப் போட்டி என்றால் முதல் வேலை படுதா கட்டுவதுதான். மேற்குப் பக்கம் வரிசையாக நின்ற தென்னைகளில் சில முன்பொரு புயலில் சாய்ந்துவிட்டன. பல் விழுந்த வாய் மாதிரி அங்கே ஒரு இடைவெளி. சாயங்காலச் சூரியன் தேடிப் பிடித்து அந்த இடைவெளியில் வந்து உட்கார்ந்துகொள்ளும். கிழக்குக் கோலில் நிற்பவர் கண்ணைத் திறக்க முடியாது. அதனால் இரண்டு பக்கத் தென்னையிலும் ஆள் ஏறி, உயரத்தில் கயிறு கட்டி, ஒரு பெரிய நீலப் படுதாவை இழுத்து நிறுத்துவோம். இந்த வருஷமும் கட்டினோம். நீலம் வெளுத்துவிட்டது, ஓரமெல்லாம் கிழிசல், நடுவில் ஒரு பெரிய குழம்புக் கறை. புதுசு ஒன்று வாங்கினால் என்ன என்று போட்டிக் கமிட்டியில் இளவட்டங்கள் கேட்கும்போதெல்லாம் நான் மல்லுக்கு நிற்பேன். எத்தனை வெயிலும் மழையும் பட்டும் போகாத அந்தக் கறையைப் பார்க்கும்போது, ஒரு சாயங்காலம் என் சித்தியைப் பார்த்து மலைத்து நின்ற நிலைக்கே நான் திரும்பப் போய்விடுகிறேன்.

சித்தி என் அம்மாவின் தங்கை. எங்கள் ஊரிலேயே வாக்கப்பட்டு, முந்திரிக்காட்டையும் கடலைக்கொல்லையையும் பார்த்துக்கொண்டவள். ஹாக்கி மட்டையை அவள் கையால் தொட்டது கிடையாது. ஆனால் எங்கள் ஊர் டீம் ஆடுகிறது என்றால் களை எடுக்கிற ஆளை அப்படியே விட்டுவிட்டு வந்துவிடுவாள். ஒரு எவர்சில்வர் தாம்பாளம், ஒரு கரண்டி, இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு அவள் போடுகிற சத்தத்தில் நடுவர் விசில் காதில் விழாது. நான் ஆலங்குடியில் ஒரு உரக்கடையில் வேலை பார்க்கிறேன் என்றாலும் ஊரில் எனக்குப் பெயர் மைக்குக்காரன்தான். போட்டிக்குப் போட்டி மேடையில் உட்கார்ந்து வர்ணனை சொல்பவன். எத்தனையோ தடவை நான் ஒலிபெருக்கியில், "சித்தி, கொஞ்சம் நிப்பாட்டு, நான் பேசுறது கேக்கலை" என்று கெஞ்சியிருக்கிறேன். "பந்து ஓடுறது எங்களுக்கே தெரியுது, நீ என்னத்தைப் பேசப்போறே" என்று அங்கிருந்தே பதில் வரும். தோற்றுவிட்டால் அன்றைக்கு அவள் வீட்டில் யாரும் வாயைத் திறக்க முடியாது. சாமிக்கும் திட்டு விழும், நடுவருக்கும் திட்டு விழும்.

இப்படிப்பட்டவள் ஒரே ஒரு ஆளிடம் மட்டும் பேசியதே இல்லை. அது அவளுடைய மாப்பிள்ளை. சித்தியின் மகளை, எனக்குத் தங்கச்சி முறையானவளை, கட்டிக்கொண்டு வந்த அவர் மணமேல்குடிப் பக்கத்துக்காரர்; கல்லூரியில் கோல்கீப்பராக ஆடியவர். வேலை ஆலங்குடியில் என்பதால் எங்கள் ஊரிலேயே வீடு பார்த்துத் தங்கினார். வந்த வருஷமே எங்கள் டீமுக்குக் கோல்கீப்பராகிவிட்டார். ஊர் மொத்தமும் அவரை மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடும். சித்தியோ மாமியார் முறைக்குக் கட்டுப்பட்டவள். மாப்பிள்ளை எதிரே நேருக்கு நேர் நிற்கமாட்டாள். அவர் சாப்பிடும்போது கதவுக்குப் பின்னால் நின்று, "அவுகளுக்கு இன்னும் ரெண்டு கரண்டி வையி" என்று மகளிடம் சொல்வாள். மகள் பக்கத்தில் இல்லாவிட்டால் சுவரைப் பார்த்துச் சொல்வாள். அவரும் அப்படித்தான், மாமியாருக்கு ஒரு பதில் என்றால் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்துச் சொல்வார். "எந்தக் காலத்துல இருக்கீங்க ரெண்டு பேரும், நடுவுல நான் என்ன தபால்காரியா" என்று தங்கச்சி தலையில் அடித்துக்கொள்வாள். கேலி செய்தோமே தவிர, அந்த மரியாதையில் யாருக்கும் குறை தெரியவில்லை.

அந்த வருஷ இறுதிப் போட்டியில் எங்களை எதிர்த்து வந்தது மணமேல்குடிப் பக்கத்து டீம். மாப்பிள்ளை பிறந்த மண்ணுக்கும் புகுந்த மண்ணுக்கும் போட்டி என்று நானே மைக்கில் சொல்லிச் சிரித்தேன். எங்கள் ஊரில் இன்னொரு வழக்கம் உண்டு. கோப்பையை ஜெயித்தால் அன்றைக்கே மைதானத்துக்குப் பின்னால் கறிவிருந்து. பொழுது சாய்ந்தபின் அடுப்பு மூட்டினால் நேரமாகிவிடும் என்று, ஆட்டம் தொடங்கும்போதே கிடாயை அறுத்து உலை வைத்துவிடுவார்கள். ஜெயிக்காமல் போனால் என்ன செய்வது என்று அதுவரை யாரும் யோசித்ததில்லை. சமையலுக்கு மேற்பார்வை சித்திதான். தாம்பாளத்தைத் தட்டுவதும், நடுநடுவே ஓடிப் போய் உப்புப் பார்ப்பதுமாக இருந்தாள். இடைவேளையில் நாங்கள் இரண்டு கோல் முன்னால் இருந்தோம். மைதானம் பூராவும் விசில். அப்போதே கோப்பை எங்கள் ஊருக்கு வந்துவிட்டது மாதிரிதான் நானும் பேசினேன்.

இடைவேளைக்குப் பிறகு பக்கம் மாறி, மாப்பிள்ளை கிழக்குக் கோலுக்குப் போனார். ஒரு கோல் விழுந்தது. பரவாயில்லை என்றார்கள். பொழுது இறங்க இறங்க இன்னொன்று விழுந்தது. கூட்டம் முணுமுணுத்தது. ஆட்டம் முடியப்போகிற நேரத்தில் அவர்களுடைய ஆள் ஒருவர் கோலுக்கு முன்னால் கோடு போட்ட வட்டத்தின் ஓரத்திலிருந்து தூக்கி அடித்தார். பெரிய அடி ஒன்றும் இல்லை. மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டே பிடிக்கக்கூடிய பந்து. அவரோ முன்னால் ஏறி வந்து, பந்து இல்லாத பக்கம் கையை வீசினார். பந்து அவர் தோளைத் தாண்டி வலைக்குள் போய் விழுந்தது. கொஞ்ச நேரத்தில் விசில் ஊதிவிட்டார்கள்.

தோற்றதைக்கூட ஊர் பொறுத்துக்கொண்டிருக்கும். யாரோ ஒருவர், "பொறந்த ஊருக்கு விட்டுக்குடுத்துட்டான்டா" என்று சொன்னார். அந்த ஒரு வார்த்தை போதுமாக இருந்தது. தண்ணீர் பாக்கெட்டுகள் பறந்தன. நாற்காலி ஒன்று மைதானத்துக்குள் வந்து விழுந்தது. நேற்றுவரை மாப்பிள்ளை மாப்பிள்ளை என்று தோளில் கை போட்டவர்கள்தான், "வெளியூர்க்காரனை நிப்பாட்டுனா இப்படித்தான்" என்று கத்தினார்கள். எனக்கும் ஆத்திரம் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். மாப்பிள்ளை கோலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, தலையைக் குனிந்தபடி காலில் கட்டிய கோல்கீப்பர் பேடை அவிழ்த்துக்கொண்டிருந்தார். தங்கச்சி அழுதுகொண்டே அவரிடம் ஓடினாள். "பையை எடுத்து வையி, ராத்திரி பஸ்சுக்கு ஊருக்குப் போயிரலாம். இனிமே இங்கிட்டு வரவேணாம்" என்று அவர் சொன்னதாகப் பிறகு எங்களிடம் சொன்னாள். அவர் சும்மா சொல்கிற ஆள் இல்லை.

அப்போதுதான் பின்பக்கமிருந்து சித்தி வந்தாள். கையில் குழம்புக் கரண்டி, முகத்தில் அடுப்புக் கரி. கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. எங்கள் எல்லோரையும்விட வாய் நீளம் அவளுக்குத்தான். தனக்கும் சேர்த்து அவளே திட்டுவாள் என்று ஒவ்வொருவரும் நினைத்தார்கள். அவள் நேராகப் போனாள். கல்யாணமாகி அத்தனை நாளில் ஒரு தடவைகூட எதிரே போய் நிற்காதவள், ஊரே பார்த்துக்கொண்டிருக்க மாப்பிள்ளைக்கு எதிரே போய் நின்றாள். அவர் பதறி எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "என்ன ஆச்சுங்க மாப்ளே?" என்றாள்.

நான் மேடையிலிருந்து இறங்கி ஓடிப் போயிருந்தேன். கையில் மைக் இருந்தது. கயிறு இல்லாத மைக் என்பதால் கீழே வைக்கவும் தோன்றவில்லை. அதனால் அந்தக் கேள்வி ஒலிபெருக்கியில் ஊர் முழுக்கக் கேட்டுவிட்டது. மைதானம் அடங்கியது. மாப்பிள்ளை பழக்கதோஷத்தில் பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்தார். "அவகிட்ட வேணாம். என்கிட்டயே சொல்லுங்க" என்றாள் சித்தி. அவர் மெதுவாக, "பந்து தெரியலைங்க அத்தை" என்றார். ஏன் தெரியவில்லை என்றாள். "வெயிலு."

சித்தி மேற்கே திரும்பினாள். தென்னை வரிசையின் இடைவெளியில் சூரியன் செக்கச் சிவக்க உட்கார்ந்திருந்தது. முன்னால் படுதா இல்லை. சித்தி கையை உயர்த்தித் தன் கண்ணை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். கை அங்கேயே நின்றது. எங்களில் ஒருவருக்கும் உடனே விளங்கவில்லை, அவளுக்கு விளங்கிவிட்டது. பந்தி போடுகிற இடத்தில் நெருஞ்சி முள்ளாகக் கிடக்கிறது என்று இடைவேளையில் பையன்கள் வந்து சொன்னபோது, "மேக்க கட்டுன படுதாவை அவுத்தாந்து விரிங்கடா, அதான் ரெண்டு கோலு இருக்குல்ல" என்று சொன்னவள் அவள்தான்.

இதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். படுதா அவிழ்ந்ததைக் கவனித்தவர்கள் நாலைந்து பேர்தான். அவர்களும் சித்தியைக் காட்டிக்கொடுக்கமாட்டார்கள். காற்றில் அவிழ்ந்துவிட்டது என்று ஒரு வார்த்தை சொன்னால் மாப்பிள்ளை மானமும் தப்பும், அவள் மானமும் தப்பும். அவள் என் கையிலிருந்த மைக்கைப் பிடுங்கினாள். "எல்லாரும் கேளுங்க. படுதாவை அவுக்கச் சொன்னது நாந்தான். மாப்ளை கண்ணுல வெயிலை அடிக்கவிட்டது நாந்தான். ஏசணும்னா என்னைய ஏசுங்க, இங்கனதான் நிக்கிறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. ஒரு வார்த்தையை விழுங்கவில்லை, நான் பொம்பளை என்றோ வயசானவள் என்றோ தயவு கேட்கவில்லை. அத்தனை பேரையும் ஒரு சுற்றுப் பார்த்தாள், யாராவது ஏசுகிறார்களா என்று உண்மையாகவே காத்திருந்தாள். கோயில் கோபுரத்தை அண்ணாந்து பார்க்கும்போது வருமே ஒரு மலைப்பு, அதை ஒரு மனுஷியைப் பார்த்து நான் அடைந்தது அன்றைக்குத்தான்.

பிறகு மைக்கை என்னிடம் நீட்டிவிட்டு மாப்பிள்ளையிடம் கேட்டாள், "படுதா இல்லைன்னு ஒரு சத்தம் குடுத்திருந்தா கட்டியிருப்போம்ல? ஏன் சொல்லலை?" அவர் சொன்ன பதிலை நான் மறக்கமாட்டேன். "பொண்ணு எடுத்த ஊருல வந்து நின்னுக்கிட்டு, அது இல்லை இது இல்லைன்னு எப்படிங்க அத்தை சொல்றது?" சித்திக்கு அப்போதுதான் கண் கலங்கியது. "நல்ல மரியாதை பாத்தோம், நாம ரெண்டு பேரும்" என்றாள். மகள் ராத்திரி பஸ்சைப் பற்றிக் காதில் சொன்னதும், "பஸ்சும் வேணாம் கிஸ்சும் வேணாம். கையைக் கழுவிட்டு வாங்க, ஒங்க ஊருக்காரவுகளையும் கூட்டிட்டு வாங்க. சோறு ஆறுது" என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தாள்.

எல்லோரும் மனம் திருந்திவிட்டதாகச் சொன்னால் நம்பாதீர்கள். முகத்தைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்குப் போனவர்கள் உண்டு. மற்றவர்கள் அந்தப் படுதாவில்தான் உட்கார்ந்தார்கள், ஜெயித்தவர்களும் தோற்றவர்களும் கலந்து. ஒவ்வொரு இலைக்கும் சித்தியே கறிக்குழம்பு ஊற்றிக்கொண்டு வந்தாள். மாப்பிள்ளை இலைக்கு வந்தபோது கதவும் இல்லை, சுவரும் இல்லை. "இன்னும் ரெண்டு கரண்டி வைக்கவாங்க?" என்று அவரிடமே கேட்டாள். அப்போது அவள் கை நடுங்கியதை நான் பார்த்தேன். ஊரை எதிர்த்து நின்றபோது நடுங்காத கை அது. வாளி சாய்ந்து குழம்பு படுதாவில் கொட்டியது. எத்தனை முறை அலசியும் அந்த மஞ்சள் போகவே இல்லை.

அவர்கள் ஊருக்குப் போகவில்லை. அடுத்த வருஷமும் மாப்பிள்ளைதான் கோலில் நின்றார். சித்தி தாம்பாளத்தோடு மேற்குத் தென்னை அடியில் போய் உட்கார்ந்தாள். ஆட்டம் முடியும்வரை கயிற்று முடிச்சிலிருந்து ஒரு கண்ணை எடுக்கமாட்டாள். ஆனால் ரசிகை ரசிகைதான். பல நாள் கழித்தும் சோறு போட்டுக்கொண்டே, "வெயிலு சரி. இருந்தாலும் அந்த மூணாவது பந்தைப் புடிச்சிருக்கலாங்க மாப்ளே" என்பாள். "புடிச்சிருக்கலாந்தான் அத்தை" என்று அவரும் சிரிப்பார். சித்தி போய்ச் சேர்ந்தபோது, மகன் இல்லாத அவளுக்குக் கொள்ளிவைத்தது அவர்தான்.

இந்த வருஷம் எங்கள் கோலில் நின்றது முந்திரி ஆலையில் வேலை செய்ய வடக்கேயிருந்து வந்த ஒரு வாலிபன். அவன் ஊர்ப் பக்கம் நடக்கப் பழகும்போதே மட்டையைப் பிடித்துவிடுவார்களாம். நன்றாகத்தான் ஆடினான். கடைசியில் காலுக்கு நேராக உருண்டு வந்த பந்தை விட்டுவிட்டான், நாங்கள் தோற்றோம். பழைய சத்தம் அப்படியே எழுந்தது. வெளியூர்க்காரன், வடக்கத்தியான். இதைக் கத்தியவர்களில் பாதிப்பேர் சித்தியின் விருந்தில் சாப்பிட்டவர்கள். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன், அதற்குள் மாப்பிள்ளை மைதானத்துக்குள் நடந்துகொண்டிருந்தார். தலை நரைத்துவிட்டது, முழங்கால் சரியில்லை, மெதுவாகத்தான் போனார். கூட்டம் தானாக அடங்கியது. என்ன கேட்கப்போகிறார் என்று எல்லோருக்கும் தெரியும்.

"என்ன ஆச்சு தம்பி?" என்றார்.

அவன் மேற்கே பார்த்தான். படுதா விறைப்பாக நின்றது. பின்னால் சூரியன் இருந்ததால் குழம்புக் கறை மட்டும் பொன்னாகத் தெரிந்தது. அவன் மாப்பிள்ளையின் பக்கம் திரும்பி, தெரிந்த தமிழில் சொன்னான்: "படுதா இருக்கு அண்ணா. வெயில் இல்ல. பந்து நான் விட்டேன்."

மாப்பிள்ளை வலிக்கிற காலை மடக்கி அவன் முன்னால் உட்கார்ந்து, அவனுடைய பேடின் வாரை அவிழ்க்கத் தொடங்கினார். "சரி, கையைக் கழுவிட்டு வா. சோறு ஆறுது" என்றார்.