பட்டுச் சேலையோடு கோட்டுக்குப் போனது

எனக்கு எழுபத்தாறு வயது. பெற்றது ஐந்து, வளர்த்தது ஆறு. ஆறாவது என் தங்கச்சியின் பிள்ளை. அவள் போன பிறகு அதையும் என் மடியில்தான் போட்டுக்கொண்டேன். ஒருத்தரையும் பொலிஸ், கோடு, வழக்கு என்று ஏறவிடாமல் கொட்டாஞ்சேனையில் தலை நிமிர்ந்து இருந்தவள் நான். எழுத்து எனக்குச் சரிவராது. என் பெயர் எழுதுவேன், பஸ் போர்ட் வாசிப்பேன், அவ்வளவுதான். நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். சொல்ல வேண்டிய ஆளிடம் வாயால் சொல்ல எனக்கு வருகுதில்லை.

அந்த ஆள் என் கடைசி மகன், இவளுடைய அப்பா. ஸ்கூல் வேன் ஓடுகிறவன். எங்கள் வீட்டில் அடுப்பெரிவது அந்த வேனால்தான்.

வெள்ளவத்தையில் சொந்தத்துக்குள் ஒரு கலியாணம். தாலி கட்டுகிற நேரம் காலையில். மகன் வேனைக் கீழே நிற்பாட்டி ஹோன் அடித்துக்கொண்டே இருந்தான். நான் இறங்கவில்லை. பட்டுச் சேலையின் கொய்யக மடிப்பு ஒழுங்காக விழவில்லை என்று முழுதாக அவிழ்த்துத் திரும்பவும் கட்டினேன். பிறகு அட்டியலின் கொக்கி கொழுவ மாட்டேன் என்றது. நான்தானே குடும்பத்தில் மூத்தவள், எனக்காகப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள் என்று ஒரு எண்ணம். வேனில் ஏறி இருந்த பிறகுதான் நேரத்தைக் கேட்டேன். கேட்டதும் பதறிப் போனேன்.

"நான் அட்சதை போடாமல் அங்க தாலி ஏறினால் எனக்கு என்ன மரியாதை? இறுக்கி ஓடு."

"அம்மா, நான் முந்தியும் ஒருக்கா வேகத்துக்குப் பிடிபட்டனான். திரும்பப் பிடிச்சா லைசன் போயிடும்."

"விடிய வெள்ளன மரைன் டிரைவில ஆர் நிக்கப் போறான்? பேய்க்கதை கதையாமல் ஓடு."

ஓடினான். பம்பலப்பிட்டி தாண்டுகிற இடத்தில், நிற்பாட்டியிருந்த ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் இருந்து பொலிஸ்காரர் கை காட்டினார். மற்றக் கையில் வேகம் பிடிக்கிற சாமான். வேனுக்குள் எட்டிப் பார்த்தார். பட்டுடுத்து, மடியில் பலகாரத் தட்டோடு நான். "அம்மே, கலியாணமோ?" என்று சிங்களத்தில் கேட்டார். ஓம் என்று நானும் சிரித்தேன். இது இரண்டாம் தரம், கோட்டுக்கு வரத்தான் வேண்டும் என்று லைசனை வாங்கிக்கொண்டு தாளைக் கொடுத்தார். நாங்கள் போய்ச் சேர, தாலி ஏறிப் பந்தியும் தொடங்கிவிட்டது.

கோட்டுக்குப் போகிற அன்று மகன் சொன்னான், "அம்மா, நீங்க வராதேங்கோ. வீட்டிலயே இருங்கோ." ஏன் என்று சொல்லவில்லை. படிக்காத தாயை லோயருக்கு முன்னால் காட்ட வெட்கப்படுகிறான் என்று நான் எடுத்துக்கொண்டேன். அது எனக்குச் சுட்டது. அவன் இறங்கிப் போனதும் அலுமாரியைத் திறந்து அதே பட்டை எடுத்தேன். காப்பு, சங்கிலி, அட்டியல், ஒன்றும் விடவில்லை.

மருமகள் குசினியில் இருந்து எட்டிப் பார்த்தாள். "மாமி, கோட்டுக்கோ, இன்னொரு கலியாணத்துக்கோ?"

"கூண்டில நிக்கிறவன் நல்ல குடும்பத்துப் பிள்ளை எண்டு அங்க உள்ளவை காணவேணும். நீ உன்ர உலையைப் பார்."

ஓட்டோ பிடித்துப் புதுக்கடைக் கோட்டுக்குப் போனேன். முன் வாங்கில் போய் இருந்தேன். மகன் என்னைக் காணவில்லை. அவனைக் கூப்பிட்டதும் கூண்டில் ஏறினான், லோயர் எழும்பினார். எனக்குக் கடைச் சிங்களம் தெரியும். லோயர் பேசுகிற வேகத்துக்கு அது காணாது. ஆனால் "அம்மா" என்ற சொல் இரண்டு மூன்று தரம் காதில் விழுந்தது. பக்கத்தில் இருந்த மனிசனிடம் என்ன சொல்லுகிறார் என்று கேட்டேன்.

"தாய்க்கு நெஞ்சு வருத்தமாம். மூச்சு விடேலாமல் கிடந்த மனிசியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு ஓடினவராம். இப்பவும் படுத்த படுக்கையாம். பாவம், என்ன?"

எனக்கா நெஞ்சு வருத்தம்? ஆறு பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த, இன்றைக்கும் மரக்கறிப் பையோடு மூன்றாம் மாடி ஏறுகிற எனக்கா? நான் எழும்பிவிட்டேன்.

"மட்ட லெடக் நே, நோனா!"

எனக்கு ஒரு நோயும் வருத்தமும் இல்லை என்று அவ்வளவு பேருக்கு முன்னாலும் சத்தமாய்ச் சொன்னேன். நீதவான் ஒரு பெண், என் மகளின் வயதிருக்கும். என்னை மேலும் கீழும் பார்த்தார். நீங்கள் யார் என்று, கோட்டில் மொழிபெயர்க்கிற முதலியார் தமிழில் கேட்டார். நான்தான் தாய் என்றேன். அன்றைக்கு எங்களைப் பிடித்த பொலிஸ்காரரும் அங்கே நின்றார். வேனில் இருந்தது இந்த அம்மாதான், சேலையும் இதே சேலைதான், மடியில் பலகாரத் தட்டு இருந்தது என்று அவர் சொல்ல, வாங்குகளில் இருந்தவர்கள் சிரித்தார்கள். லோயர் கடதாசியைப் புரட்டினார். நீதவான் சிரிக்கவில்லை. வேகம் ஒரு பிழை, கோட்டில் பொய் சொன்னது அதைவிடப் பெரிய பிழை என்று சொன்னதை முதலியார் திருப்பிச் சொன்னார். தண்டமும் போட்டு, ஆறு மாதத்துக்கு லைசனையும் நிற்பாட்டினார்கள்.

மகன் என் பக்கம் திரும்பவேயில்லை. கூண்டின் விளிம்பைப் பிடித்தபடி குனிந்து நின்றான். சின்னனில் என்னிடம் அடி வாங்கும்போதும் அப்படித்தான் நிற்பான்.

திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் கேட்டான், "ஏன் வந்தனீங்கள்?"

"நீ ஏன் என்னை வருத்தக்காரி ஆக்கினனீ?"

"பின்ன என்னத்தைச் சொல்ல? அம்மா சேலை கட்டப் பிந்திப்போனா எண்டோ?"

அதுக்குப் பிறகு அவன் என்னோடு கதைக்கவில்லை.

இப்போது வேனுக்குக் கூலிக்கு ஒரு ட்ரைவர். மகன் கதவு திறக்கிறவனாய்த் தொங்கிக்கொண்டு போகிறான். காலையில் பல்கனியில் நின்று பார்க்கிறேன். தன்னுடைய வேனில் இருந்து தானே குதித்து இறங்கி, பிள்ளைகளின் பையை வாங்கி, கதவைச் சாத்தி, "றைட்" என்று தட்டுகிறான். கோட்டுக் கதை எப்படியோ ஊருக்குள் பரவி, கோயிலடியில் பூக்காரி கேட்கிறாள், "என்ன அக்கா, நெஞ்சு வருத்தம் இப்ப சுகமோ?" இப்போதெல்லாம் நான் மற்றப் பக்கத்து ரோட்டால் போய் வருகிறேன்.

பொய் சொன்னது அவன், நான் உண்மையைத்தானே சொன்னேன் என்று கொஞ்ச நாள் என்னை நானே தேற்றினேன். அந்தத் தேறுதல் நிற்கவில்லை. என்னை நோயாளி என்றது பொறுக்காமல்தான் எழும்பினேன். உண்மைக்காக எழும்பியிருந்தால் மிச்சத்தையும் சொல்லியிருக்க வேண்டும். பிந்தியது நான், ஓடு என்றது நான். அந்த நோனாவுக்கு முன்னால் அது என் வாயில் வரவில்லை. வீட்டிலும் வரவில்லை.

அவன் வந்து குளித்துவிட்டு ஹோலில் இருக்கிறான். எழுதினது காணும், பிள்ளை. போய் ரீவியை நிப்பாட்டிப்போட்டு, அப்பாக்குப் பக்கத்தில இருந்து முதலில இருந்து வாசி. 'இறுக்கி ஓடு' எண்டு நான் சொன்ன இடத்தை மட்டும் விழுங்காமல், உரத்து வாசி.