பிரேக் அக்கா வாசலில் எருக்கு

எங்கள் தெருவில் அவரை எல்லோரும் பிரேக் அக்கா என்றுதான் கூப்பிடுவோம். டிரைவிங் ஸ்கூலில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். நாள் முழுக்கப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து, அடுத்தவர் செய்யும் தப்புக்கெல்லாம் தன் காலால் பிரேக் மிதிக்கிற வேலை. அவருக்குக் கோபமே வராது என்று நினைத்திருந்தோம்.

எங்கள் வீடுகள் அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி. ஒவ்வொரு வாசலிலும், கட்டிக்கொடுத்தவர் விரித்துவிட்டுப் போன புல்தரை. குடிக்கிற தண்ணீரை அதற்கு ஊற்றி, மருந்தடித்து, மிஷின் விட்டு மொட்டையடிப்போம். அதில் ஒரு பூச்சி கிடையாது. பூச்சி இல்லாததால் ஒரு குருவியும் இறங்காது. பச்சைப் பெயின்ட் அடித்த சிமென்ட்டுக்கும் இதற்கும் என்ன வித்தியாசம் என்று அக்கா கேட்டபோது சிரித்தோம். ஒரு கோடையில் அவர் மண்வெட்டியை எடுத்துப் புல்லைப் பாளம் பாளமாகப் பெயர்த்துப் போட்டார். இந்த மண்ணில் தானாக வளர்கிற தும்பை, ஆவாரை, நொச்சி எல்லாம் வைத்தார். கடைசியில் ஒரு எருக்கும்.

எருக்கைத்தான் தெருவால் பொறுக்க முடியவில்லை. பாழடைந்த வீட்டில் முளைக்கிறதை யாராவது கொண்டுவந்து நடுவார்களா என்று அவர் கணவரைக் கேட்டார்கள். கணவர் அச்சகத்தில் பிழை திருத்துபவர். தாளில் ஒரு புள்ளியை விடமாட்டார், ஆள் முன்னால் வாய் திறக்கமாட்டார். அக்காவோ இலையைப் புரட்டி, அதைத் தின்கிற வரிப்புழுவைக் காட்டி, இதுதான் நாளைக்கு ஆரஞ்சு வண்ணத்துப்பூச்சி என்றார். சொன்னபடியே வந்தன. நொச்சிப் புதரில் கொண்டைக்குருவி கூடும் கட்டியது.

குடியிருப்போர் சங்கச் செயலாளர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. பாம்பு வரும் என்றார். யார் பார்த்தது என்றால், வந்த பிறகு பார்த்து என்ன செய்வது என்றார். கூட்டத்தில் பேசி முடிவெடுக்கலாம் என்று அக்காவும் ஒப்புக்கொண்டார். கூட்டம் வருவதற்குள் அந்த அநியாயம் நடந்தது.

அன்று அக்காவிடம் கார் பழகியது செயலாளரின் மருமகள். தெருவுக்குள் திருப்பச் சொன்ன அக்கா, தன் வாசலைப் பார்த்ததும் பிரேக்கை மிதித்தார். அந்தப் பெண் எந்தத் தப்பும் செய்யவில்லை. வாசலைச் சுத்தமாக வழித்திருந்தார்கள். புல் வெட்டுகிற ஆள் செடிகளைக் குவித்துக்கொண்டிருந்தார். குவியலுக்கு மேல் தாய்க்குருவி வாயில் புழுவோடு சுற்றிச் சுற்றிப் பறந்தது. அக்கா உள்ளே கைவிட்டுக் கூட்டை எடுத்தார். இறகு முளைக்காத குஞ்சுகள், ஒன்றுகூட அசையவில்லை.

எல்லாம் நல்லதுக்குத்தான், இப்போது எவ்வளவு சுத்தமாக இருக்கிறது பார் என்றார், வாசலில் நின்று வேலை வாங்கிக்கொண்டிருந்த செயலாளர்.

அக்கா கூட்டை அவர் முன்னால் நீட்டினார். “சுத்தம் பண்ணது இதையா சார்? பூட்டின கேட்டு. எப்படி உள்ள வந்தீங்க?”

செயலாளர் திரும்பி அக்கா வீட்டுக் கதவைப் பார்த்தார். கதவருகே கணவர், கையில் கேட் சாவியோடு.

“நாலு பேரோட நமக்கு எதுக்கு வம்புன்னுதான்...” என்று இழுத்தார் கணவர்.

“அந்த நாலு பேர் யாருங்க? எனக்குக் காட்டுங்க. இத்தனை வருஷமா நானும் தேடுறேன்.”

மருமகள் காரைவிட்டு இறங்கி வந்தாள். மாமனார் பார்த்துக்கொண்டிருக்கவே, குஞ்சுகளைப் புதைக்கக் குழி தோண்டினாள்.

கூட்டத்தில், வாசலில் புல்தான் இருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது என்று அக்கா கேட்டார். ஒருவராலும் காட்ட முடியவில்லை. இருந்தும் கை தூக்கச் சொன்னபோது அவர் தோற்றார். அவருக்காகத் தூக்கியது நானும் அந்த மருமகளும் மட்டுமே. அக்கா, என் வாசலில் இனி மிஷின் நுழைந்தால் போலீசில் சொல்வேன் என்று சொல்லிவிட்டு எழுந்துபோய், அன்றே நொச்சிக் குச்சிகளை ஊன்றினார். எருக்கு அடிக்கட்டையிலிருந்தே துளிர்த்தது. செயலாளர் அதற்குமேல் கிட்டே வரவில்லை.

கேட்டுக்குப் புதுப் பூட்டு வந்தது. சாவி அக்காவிடம் மட்டும். கணவர் முன்னதாக வந்துவிட்டால் வெளியே நிற்க வேண்டியதுதான். போன வாரம் அப்படி நின்றவரை உள்ளே வந்து உட்காரச் சொன்னேன். வேண்டாம் என்றார். என் வீட்டுக் குழாயிலிருந்து ஹோஸை இழுத்துக்கொண்டுபோய், கேட் கம்பி வழியாகக் கையை நீட்டி நொச்சிக்குத் தண்ணீர் விட்டார். அக்கா வந்து பார்த்தார். பூட்டைத் திறந்து அவரை உள்ளே விட்டார், சாவியை மட்டும் கொடுக்கவில்லை.