இங்கே நிற்காதீர்கள்

குமுளியில் போர்டு எழுதிப் பிழைக்கும் பிச்சைமணிக்கு யானை பழகிப்போன சங்கதி. தெரியாத பாஷை என்றால்தான் பயம். தமிழிலோ மலையாளத்திலோ தப்பு விழுந்தால் கடைக்காரர் நாலு வார்த்தை திட்டுவார், அழித்து எழுதிவிடலாம். ஸ்பானிஷில் தப்பு விழுந்தால் இந்த ஊரில் யாருக்குத் தெரியும்?

ஏலத்தோட்டத்தைச் சுற்றிப் பார்க்க ஸ்பெயின்காரர்கள் வர ஆரம்பித்ததும், யானை குறுக்கிடும் வளைவில் எச்சரிக்கைப் பலகை வேண்டும் என்றார்கள் தோட்டத்துக்காரர்கள். விருந்தினர்களைக் கவனிக்கும் ஜோமோள் ஸ்பானிஷ் படித்தவள். வாசகத்தை அவளே எழுதித் தந்தாள்.

¡Cuidado! El guía dice: «No se detenga aquí».

"ஜாக்கிரதை. கைடு சொல்றார், இங்க நிக்காதீங்கன்னு. அவ்வளவுதான் அண்ணா."

"முன்னால ஆச்சரியக்குறி தலைகீழா நிக்குதே ஜோமோளு, கைதவறிப் போட்டுட்டியா?"

"இல்ல அண்ணா. அவங்க ஆச்சரியத்துக்கு ரெண்டு பக்கமும் குறி போடுவாங்க. முன்னால உள்ளது தலைகீழாத்தான் இருக்கும். ஒருத்தர் சொன்ன பேச்சை இந்தக் கூர்க்குறிக்குள்ள வைக்கணும். முற்றுப்புள்ளி அதுக்கு வெளிய. மாறிப்போகக் கூடாது, கேட்டோ."

அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். இவருக்கோ தூக்கம் போயிற்று. தகரத்தில் சாக்பீஸால் வரைந்து, போட்டோ எடுத்து ஜோமோளுக்கு அனுப்பி, அவள் சரி என்ற பிறகும் நம்பாமல் மறுபடி அனுப்பினார். குறிகளுக்கு மட்டும் சிவப்பு அடித்தார்.

"நம்ம கல்யாணப் பத்திரிகையக்கூட இப்படிப் பாக்கலயே நீங்க" என்றாள் மனைவி மூக்கம்மாள்.

பலகை நட்ட மாதமே டீக்கடையில் அந்தச் செய்தி வந்தது. வளைவில் ஒரு வெள்ளைக்கார அம்மாவை யானை விரட்டிவிட்டதாம். பள்ளத்தில் விழுந்து கால் ஒடிந்து ஆஸ்பத்திரியில் கிடக்கிறாளாம்.

"ஒங்க போர்டுகிட்டதான் நின்னுச்சாம் அந்தம்மா" என்றார் டீ ஆற்றியவர்.

பிச்சைமணி டீயைக் குடிக்காமல் கீழே வைத்தார். ஏதோ ஒரு குறி இடம் மாறி, இங்கே நில்லுங்கள் என்று அர்த்தம் ஆகிவிட்டதோ? காக்கிச் சட்டை எது எதிரே வந்தாலும் தன்னைத் தேடித்தான் வருகிறது என்று சந்துக்குள் ஒதுங்கினார். சோறு இறங்கவில்லை.

"தப்புன்னா தப்புன்னு சொல்லிட்டு வாங்க. இப்படிப் பயந்தே செத்துருவீக போலருக்கு" என்று மூக்கம்மாள்தான் துரத்திவிட்டாள்.

ஜோமோளைத் துணைக்குக் கூட்டிக்கொண்டு போனார். காலில் கட்டோடு படுத்திருந்த அந்த அம்மாளின் பெயர் மார்த்தா. பலகை எழுதியவர் இவர்தான் என்று ஜோமோள் சொன்னதும், அவள் சட்டென்று இவர் கையைப் பிடித்துக்கொண்டு படபடவென்று பேசினாள். கேட்கக் கேட்க ஜோமோளின் முகம் மாறியது.

"தப்பாமா?" என்றார் பிச்சைமணி.

"தப்பே இல்லயாம் அண்ணா. வந்த நாள்லேர்ந்து அவங்க பாஷையில இவ்வளவு சரியா எழுதின போர்டை எங்கயும் பாக்கலயாம். தலைகீழ்க் குறிகூட இருக்கேன்னு சந்தோஷத்துல போட்டோ எடுக்க நின்னாங்களாம். கைடு கூப்பிட்டது காதுல விழலயாம்."

மார்த்தா செல்போனை நீட்டினாள். படத்தில் சிவப்புக் குறிகள் பளிச்சென்று இருந்தன. பலகைக்குப் பின்னால், ஏலச்செடிகளுக்கு நடுவே, யானையின் நெற்றி தெரிந்தது.

மறுநாள் ஜோமோளோடு பலகையைப் பிடுங்கப் போனார். தலைகீழ்க் குறியில் கொஞ்சம் பெயிண்ட் உரிந்திருந்தது. அதைக் கட்டைவிரலால் தடவியபடி நின்றுவிட்டார். செடிகள் சரசரத்தன. ஜோமோள் பாதையிலிருந்து கூப்பிட்டது இரண்டாம் தடவைதான் காதில் விழுந்தது. பலகையைப் பெயர்த்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார்.

அது இப்போது தோட்டத்து டிக்கெட் கவுண்டர் பக்கத்தில் இருக்கிறது. ஸ்பெயின்காரர்கள் அதன் முன் நின்று ஆசைதீரப் படம் எடுத்துக்கொள்கிறார்கள். வளைவில் எழுத்தே இல்லாமல் ஒரு யானைப் படம் மட்டும் வைத்திருக்கிறார். அதை அவர் வேண்டுமென்றே அசிங்கமாக வரைந்தார்.