கோயில்பிள்ளை ஆடிய ஆட்டம்

பெரிய மார்க்கெட் பக்கத்து ரிப்பேர் கடையில், சரியாகிவிட்ட என் பழைய வீடியோ கேம் பெட்டியில் ரத்தக்காட்டேரிக் கோட்டை விளையாட்டைப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். கோயில் மைக்கைச் சரிசெய்யக் கொண்டுவந்திருந்த கோயில்பிள்ளை, சின்ன வயதில் ஆடியது என்று ஆசையாகக் கேட்டு வாங்கினார். மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுவது அவர் வேலை. நகக்கண்ணில் மெழுகு ஒட்டியிருந்தது. திரையில் சாட்டையால் பேய்களை விளாசித் தள்ளினார். வழிநெடுக எரிந்த மெழுகுவர்த்திகளை மட்டும் தொடவில்லை.

“அதையும் அடிங்கண்ணே, அதுலதான் நல்ல ஆயுதம் இருக்கு.”

“தெரியும் தம்பி. யாரு என்ன வேண்டிக்கிட்டு ஏத்துனாங்களோ.”

“பேய் வீட்ல யாருண்ணே வேண்டிக்கப் போறாங்க?”

“அங்கதான் அதிகமா வேண்டிக்குவாங்க.”

வெறும் சாட்டையோடு போய்க் காட்டேரியிடம் தோற்றார். சிரித்தபடி மைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

பிறகு நான் ஆடினேன். காட்டேரியைச் சுலபமாகக் கொன்றுவிட்டேன். நான் வந்த வழியில் ஒரு மெழுகுவர்த்திகூட மிச்சமில்லை.