திரும்பிப் பார்த்தவள்

சொல்வதெழுதுதல் என்றால் பெஞ்சுகளுக்குப் பின்னால் நடந்துகொண்டேதான் சொல்வேன். முன்னால் நின்றால் காப்பி அடிக்கிறவர்கள் உஷாராகிவிடுவார்கள். பின்னாலிருந்து போனால் கையும் களவுமாகப் பிடிக்கலாம். எழுபதுகளின் ஆரம்பம், வேலைக்குச் சேர்ந்த புதிது. காரைக்குடிக்குப் பக்கத்துப் பள்ளி ஒன்றில் நாலாம் வகுப்பு என்னுடையது. என் வகுப்பில் சத்தமே இருக்காது என்று எனக்கு ஒரே பெருமை.

மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், அந்த வருடம்தான் வந்து சேர்ந்தவள். பாடம் நடத்தும்போது கண் கொட்டாமல் என்னையே பார்ப்பாள். கேட்டதற்குப் பதிலும் சொல்லிவிடுவாள். சொல்வதெழுதுதலின்போது மட்டும் சும்மா சும்மா திரும்புவாள். பின் பெஞ்சு நோட்டைப் பார்க்கிறாள் என்று முடிவு கட்டி உள்ளங்கையில் பிரம்பால் இரண்டு போட்டேன். பத்துச் சொல்லில் மூன்றுதான் எழுதியிருந்தாள். "காப்பி அடிச்சும் மூணுதானா?" என்று கேலி வேறு. வகுப்பே சிரித்தது. இன்னொரு தரம் திரும்பினால் டி.சி. கொடுத்து அனுப்பிவிடுவேன் என்று அவளுக்கு நேரே நின்று மிரட்டினேன்.

அடுத்த வாரம் அவள் திரும்பவே இல்லை. திருந்திவிட்டாள் என்று நினைத்தேன். நோட்டை வாங்கினால் ஒரு எழுத்துகூட இல்லை. எவ்வளவு கொழுப்பு என்று ஆத்திரத்தில் அவள் அம்மாவுக்கு ஆள் விட்டேன்.

நடவிலிருந்து காலில் சேற்றோடு ஓடி வந்தார் அந்த அம்மா.

"அடிங்க டீச்சர், வேணாங்கல. டி.சி. மட்டும் குடுத்துராதீக. அஞ்சு வயசுல காய்ச்சல் வந்து இவளுக்குக் காது போச்சு. வாயப் பாத்துத்தான் வெளங்கிக்கிருவா. சொன்னாச் சேத்துக்க மாட்டீகன்னு மறைச்சுட்டோம். நீங்க பின்னாடி போயிட்டா அவளுக்கு ஒண்ணும் தெரியாது. திரும்பாதடின்னு நாந்தான் சொல்லி அனுப்புனேன்."

எனக்கு அவமானமாக இருந்தது. என் வாயைத் தேடித் திரும்பியவளை அடித்திருக்கிறேன். "டி.சி.ங்கிற பேச்சே இல்ல, அவ இங்கதான் படிப்பா" என்றேன்.

மறுநாள் அவளை முதல் பெஞ்சுக்கு மாற்றினேன். அவளுக்கு எதிரே அசையாமல் நின்று, வாயை நன்றாகத் திறந்து, "கோபுரம்" என்றேன். எல்லாரும் எழுதினார்கள். அவள் மட்டும் குனிந்த தலை நிமிரவில்லை. என்னைப் பார்க்க வைக்கலாம் என்று பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டேன்.

நோட்டிலிருந்து கண்ணை எடுக்காமலே உள்ளங்கையை நீட்டினாள்.

அத்தனை பிள்ளைகள் முன்னாலும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் மறுபடி என் முகத்தைப் பார்த்து எழுத இரண்டு வாரம் ஆயிற்று.