தீர்த்தும் தீராத புகார்

ஆஸ்பத்திரியின் புகார் மேசைக்கு ஆள் போடும்போது மேனேஜர் அதிகம் யோசிக்கவில்லை. ஐம்பத்தாறு வயது, இரண்டு எம்.ஏ., அதில் ஒன்று மனோதத்துவம், போதாக்குறைக்குப் பெண். மனுஷ மனசு இவருக்குத் தெரியாமல் வேறு யாருக்குத் தெரியும் என்று உட்காரவைத்துவிட்டார். 'டபுள் எம்.ஏ. மேடம்' என்று பெயரும் நிலைத்துவிட்டது. உண்மை என்னவென்றால், எதிரில் நிற்பவர் கோபப்படுகிறாரா, பேச்சே அப்படித்தானா என்பதுகூட மேடத்துக்குப் பிடிபடாது. இதை வெளியே சொன்னால் வெட்கக்கேடு. ஆகவே புகாரை எழுதுவார், சரிசெய்ய ஆள் அனுப்புவார், நோட்டில் கையெழுத்து வாங்குவார்.

பெயிண்டர் ஒருவர் மூன்று நாளாக வருகிறார். அவர் மனைவி மூன்றாம் மாடி வார்டில் இருக்கிறார். முதல் நாள் ஃபேன் சுற்றவில்லை என்று குதித்தார், மேடம் சுற்றவைத்தார். மறுநாள் குழாய். இன்று ஜன்னல் கொக்கி. அதையும் மாட்டிவிட்டு நோட்டை நீட்டினால், "கட்டில் ஆடுது!" என்று ஆரம்பித்தார். மேடத்துக்குத் தலை சுற்றியது.

லிஃப்ட்காரர் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவர், மேடத்தைவிட இருபது வயது சின்னவர். அவர் வந்து காதோடு சொன்னார்:

"கட்டிலும் இல்ல, கொக்கியும் இல்ல மேடம். சம்சாரத்தைப் பார்க்கப் பயம். தினம் லிஃப்ட்ல ஏறி ரெண்டாவது மாடியிலயே இறங்கிடறாரு. அங்கேருந்து போன்ல அவங்ககிட்ட குறை கேட்டுக்கிட்டு வந்து உங்ககிட்ட கத்தறாரு. ரெண்டு மணிக்கு ஆபரேஷன் வேற."

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான் மூஞ்சியிலயே எழுதி ஒட்டியிருக்கே!"

மேடம் அந்த மூஞ்சியைப் பார்த்தார். மீசைதான் தெரிந்தது.

மணி ஒன்றேமுக்கால். "வாங்க, நானும் கூட வரேன்" என்று பெயிண்டரை மேலே அழைத்துப்போய், வார்டு வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே போனார்.

"அவரா? உள்ளே விடாதீங்கம்மா," என்றார் மனைவி. "என்னைப் பார்த்தா அழுதுடுவாரு."

மேடம் குழம்பிப்போனார். விடாதே என்றால் விடாதே என்றுதானா, இதற்கும் வேறு அர்த்தம் உண்டா? இரண்டு எம்.ஏ.விலும் இதற்குப் பாடம் இல்லை. லிஃப்ட்காரரோ கீழே போய்விட்டார். அந்த அம்மாளின் முகத்தை உற்று உற்றுப் பார்த்தார். ஒன்றும் விளங்கவில்லை. தப்பாக முடிவெடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று பயமாக இருந்தது. ஸ்ட்ரெச்சர் வந்து நின்றது. வேறு வழியில்லாமல் வாயைத் திறந்து கேட்டேவிட்டார்.

"முகத்தைப் பார்த்துப் புரிஞ்சுக்க எனக்கு வராதும்மா. நிஜமாவே வேண்டாமா?"

அந்த அம்மாள் வாசல் பக்கம் திரும்பினார்.

"அழறது நானாத்தான் இருக்கும்," என்றார். "சீக்கிரம் வரச் சொல்லுங்க."