உலைக்கு ஒரு பனிவேர்

கும்மிடிப்பூண்டி நிலையத்தில் சென்னை ரயிலுக்காக உட்கார்ந்திருக்கிறேன். பக்கத்தில் உருக்காலைத் தொழிலாளி ஒருவர், வேர் ஊறிய தண்ணீரைப் பாட்டிலிலிருந்து குடிக்கிறார். ரோஜா வாசம். லடாக்கில் முகர்ந்திருக்கிறேன்; பனிமலையில் மஞ்சளாகப் பூக்கும் சோலோ என்ற செடியின் வேர்.

"இமாச்சல் லாரி டிரைவர் குட்த்தாரு சார். பனில மொளைக்கிறதாம். உலைச் சூட்டுக்குக் குளிர்ச்சின்னு குடிக்கிறோம்."

"அங்க குளிர் தாங்கத்தான் குடிப்பாங்க. உடம்புக்குச் சூடு."

மூடியைத் திருகும் கை நின்றுவிடுகிறது.

"அதான் ரெண்டு நாளா நெஞ்சு படபடன்னு அடிச்சிக்கினு கீது போல. சூடு எறங்கலன்னு, இப்போ உள்ள போன ஷிப்டு ஆளுங்களுக்கு டபுளா போட்டுக் குட்த்தனே."

"உடனே போன் பண்ணுங்க."

"போனெல்லாம் கேட்லயே வாங்கி வச்சிடுவாங்க சார்."

ரயில் வந்து நிற்கிறது. அவர் ஏறவில்லை. நெஞ்சை ஒரு கையால் அழுத்திக்கொண்டு உருக்காலைப் பக்கம் ஓடுகிறார்.